ஆடு, கோழி, யானை, உன் அப்பா

நைனா,

போன வாரம் நீ போன் செய்தபோது, "சரிடா, எடுத்து வச்சிடறேன்" என்று சொன்னேன் அல்லவா? எடுத்து வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் இங்கேயே கோபப்பட்டு முடித்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் படி. பவித்ராவின் அப்பாவும் அம்மாவும் இன்று மதியம் நம் வீட்டுக்கு வந்து போனார்கள். பவித்ராவும் வந்தாள். இந்நேரம் அவள் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பார்த்தது இந்த ஒரு மதியத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்தது அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் நடந்தவை அவை. போனில் ஆரம்பித்தால், "அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போட்டே பழகிய கை இது. எழுத்து பெரிசு பெரிசாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. "அந்த மரப் பொம்மைங்கள எல்லாம் பரண் மேல போட்டுடுமா. அவங்க வந்து பாத்தா, வயசான காலத்துல வெளாடிகினு கீறாங்கன்னு நெனைப்பாங்க. அப்பாவயும் ரொம்பப் பேச வுடாத, நீயே பேசிடு. காது விஷயம் கல்யாணம் முடிஞ்சி மெதுவாத் தெரியட்டும்" என்றாய். கேட்டதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தபோது கோபம் இறங்கிவிட்டது. பெண் வீட்டார் முன்னால் நம் வீடு ஒரு குறையும் இல்லாமல் தெரிய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை, வீட்டின்மேல் பாசம் உள்ள பிள்ளைதான். அதுவும் தவிர, காது விஷயத்தை மறைக்கிற வழக்கத்தை இந்த வீட்டில் ஆரம்பித்து வைத்ததே உன் அப்பாதான். அவர் அதை எப்படி விட்டார் என்பதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் மணலியில் பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கப்பலில் ஏற்றி அனுப்புகிற மெஷின்களுக்குப் பைன் மரத்தில் பெட்டி அடிக்கிற இடம். ஒரு பக்கம் மரம் அறுக்கிற மெஷின், இன்னொரு பக்கம் இழைக்கிற மெஷின், நடுவில் காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற துப்பாக்கி. வருஷக்கணக்காக அதற்கு நடுவே நின்றவர். வீட்டுக்கு வந்தாலும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிறவர் போலத்தான் பேசுவார். சின்ன வயதில் நீ, "அப்பா ஏம்மா என்னத் திட்றாரு?" என்று கேட்பாய், அவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குக்கர் விசில் போனது, பிறகு கதவு தட்டுகிற சத்தம் போனது, கடைசியாக நான் போனேன். நீ ஓசூர் போன வருஷம் ஒரு நாள், கம்பெனியில் பெட்டி தூக்குகிற வண்டி அவருக்குப் பின்னால் வந்திருக்கிறது. ஓட்டுகிறவன் ஹாரன்மேல் ஹாரன் அடிக்கிறான், இவர் நிதானமாகக் குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். இடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே அன்று மாலை மேனேஜரிடம் போய், முழங்கால் வலி, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. உன்னிடமும் முழங்கால் என்றுதான் சொன்னோம்.

டாக்டரிடம் காட்டினோம், காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "தலிக்குள்ள தகரத்தப் போட்டு இஸ்த்துகினு போறா மாரி கீது" என்று கழற்றி டப்பாவில் போட்டவர், திரும்பத் தொடவில்லை. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் அங்கே போய் நிற்காவிட்டால் உயிர் போய்விடும் என்கிற மனிதர் அவர். என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லோர் வாயும் அகலமாக அசைவதைப் பார்த்து, ஏதோ ஜோக் என்று நினைத்து இவரும் சிரித்திருக்கிறார். அது யாரோ செத்துப்போன சேதி. அதன்பின் வீட்டில் முன் ரூமில் நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முகம் சுருங்கும். கூப்பிட்டுத் திரும்பாததால் ஆட்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். காசிமேட்டுக் குப்பத்துப் பெண், அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பால்வாடியில் அன்றன்று நடக்கிறதை மாலையில் வந்து உன் அப்பாவிடம் கொட்டினால்தான் நாள் முடிந்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில்தான் அந்த ஆடு வந்தது. பக்கத்துத் தெரு ஆடு ஒன்று, நான் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பால்வாடிக்குள் நுழைந்து, சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. 'அ'னாவையும் அம்மாவையும் தின்று முடித்தது. அடுத்தது 'ஆ'. பக்கத்தில் ஆட்டின் படம். அதைப் பார்த்ததும் ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் பார்க்கிறார்கள். பிறகு படக்கென்று அதையும் கடித்து இழுத்தது. "டீச்சர்! ஆடு ஆட்டத் துன்னுது!" என்று அத்தனை பிள்ளைகளும் போட்ட கூச்சலில் பால் பாத்திரம் கவிழ்ந்து, நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

இதை அப்படியே வீட்டுக்கு அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் காதருகில் போய், "ஆடு ஆட்டத் துன்னுச்சுய்யா!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய் எழுந்து, "ஆத்தா செத்துச்சா? எந்த ஆத்தா?" என்றார். இல்லை, ஆடு என்றேன். "ஓட்டுக்கா? ஓட்டு எப்போ?" என்றார். மூன்றாவது தடவை கத்தும்போது எனக்கே அதில் சிரிப்பு இல்லை. கத்திச் சொன்னால் கதை எங்கே கதையாக இருக்கிறது? அது அறிவிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். ஆட்டுக்காக அழுதவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கத்தரித்து ஆடு செய்தேன். பால்வாடியில் எத்தனை அட்டை மயில் செய்திருப்பேன், அந்தத் தைரியம். தாடையைத் தனியாக வெட்டி, சட்டைப் பொத்தானால் கோத்து, நூல் கட்டினேன். நூலை இழுத்தால் வாய் திறக்கும். துணிப் பட்டையில் 'அ', 'ஆ' எழுதி, வாய்க்குள் விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டினேன். அவர் எதிரில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், நான் ஆட்டினேன். 'ஆ' வந்ததும் நிறுத்தி, ஆட்டின் தலையைச் சாய்த்து, அது பார்த்த மாதிரியே பார்க்க வைத்தேன். அப்புறம் படக்கென்று கடி. உன் அப்பா என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், அதன் பிறகுதான் சத்தம் வந்தது. எத்தனை மாதமாகியிருந்தது அந்தச் சத்தம் கேட்டு! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆடு ஆட்டியே துன்னுச்சா?" என்றார். பிறகு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாடை இப்டி அசையாது மே. ஆடு பக்கவாட்டுல அரைக்கும்" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் இருந்த உளிப்பெட்டியை இழுத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நீ பொங்கலுக்கு வந்தபோது பார்த்த அந்த ஆடு, பழைய பெட்டிப் பலகையில் செய்தது. வரைவதும் வண்ணம் அடிப்பதும் நான், மரமும் உள்ளே இருக்கும் சக்கரமும் அவர். வண்ணம் எல்லாம் உன் மாமன் படகுக்கு அடித்து மிச்சம் வைத்தது. அதனால்தான் நம் வீட்டு ஆட்டுக்குக் கொம்பு நீலம். பெட்டிக்கு வெளியே ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் உள்ளே முட்டை வடிவச் சக்கரம் சுழன்று ஒரு குச்சியைத் தூக்கும், குச்சி தாடையை அசைக்கும். கேட்க லேசு. அந்த ஒரு ஆட்டுக்கு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமில்லை. 'ஆ' வந்ததும் ஆடு நின்று பார்க்க வேண்டும் என்றேன். "சுத்தினே இருந்தா அசைஞ்சினே தான் இருக்கும். மெஷின் எங்கனா நின்னு யோசிக்குமா?" என்றார். அந்த நிற்பதில்தான் சிரிப்பே இருக்கிறது என்று நான் கையாலும் முகத்தாலும் சொல்லி மாளவில்லை. கடைசியில் சக்கரத்தின் ஒரு பக்கத்தை வட்டமாகவே விட்டு, அதன் முடிவில் படக்கென்று ஒரு பள்ளம் செதுக்கினார். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், ஆடு மட்டும் நின்று பார்க்கும், பிறகு கடிக்கும். முதல் தடவை அது நின்றபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த சண்டை, தின்ற எழுத்து எங்கே போவது என்பது. திரும்ப விளையாட வேண்டுமானால் துணிப் பட்டையை வெளியே எடுக்க வேண்டுமே! வயிற்றில் ஒரு கதவு வைக்கலாம் என்றார் அவர். வாலைத் தூக்கி இழுக்கிற மாதிரி வைக்கலாம் என்றேன் நான். "சீ, கலீஜு" என்றார். "ஆட்டுக்கு வேற எந்தப் பக்கம்யா வரும்?" என்றேன். முனகிக்கொண்டேதான் செய்து கொடுத்தார். பால்வாடிக்கு எடுத்துப் போனபோது வாலைத் தூக்கி 'ஆ'னாவை இழுத்ததும் பிள்ளைகள் உருண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். நைனா, இதை நீ காதில் போட்டுக்கொள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வராமல் இருக்காது. ஆனால் சண்டை போட நடுவில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். எங்களுக்கு ஆட்டின் வால் இருந்தது. அதற்கு முன்னால் வாய்க்கு வாய், முகத்துக்கு முகம் மோதிக்கொண்டிருந்தோம். வாலைப் பற்றிச் சண்டை போடும்போது, இருவரும் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு எருமை வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குக் குறுக்கே படுத்திருக்குமே, அந்த எருமை. சுற்றினால் டிரைவர் கை வெளியே வந்து ஆடும், லாரி முன்னால் வந்து பின்னால் போகும், எருமை வாலை மட்டும் அசைக்கும். வெகுநேரம் கழித்து மெதுவாக எழும். அப்பாடா, வழிவிடப் போகிறது என்று நினைப்போம். எழுந்து, அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி படுத்துக்கொள்ளும். அதன் முட்டியை மடக்க அவர் பட்ட பாடு பெரிய கதை. மீன் கூடைமேல் படுத்துத் தூங்குகிற மாதிரி நடித்து, ஒரு கண்ணை மட்டும் திறக்கிற பூனை ஒன்று. முன் ரூம் நிறைய ஆரம்பித்தது. அவர் தெருவைப் பார்த்து உட்காருவதை விட்டு, மேசையைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஆனாலும் டீக்கடைப் பக்கம் போகவில்லை. யாராவது வந்தால், வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவார்.

அப்புறம்தான் கோழி. ஒரு நாள் நான் பால்வாடியிலிருந்து வந்தால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவரே ஒரு கோழி செய்து வைத்திருக்கிறார். இடுப்பில் இறக்கையை ஊன்றிய கோழி. அதற்கு என் சிவப்புப் பொட்டு வேறு. சுற்றினால் அலகு திறந்து மூடித் திறந்து மூடிக் கொட்டுகிறது. சரி என்று கைப்பிடியை நிறுத்தினேன். கோழி நிறுத்தவில்லை. உள்ளே உன் மாமன் வலையின் ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கைப்பிடி நின்றாலும் குண்டு ஆடும், குண்டு ஆடும்வரை அலகு கொட்டும். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் தொண்டை கிழியக் கத்துவது யாருக்காக? இனிமேல் இந்த மனிதனிடம் ஒரு வார்த்தை பேசினால் ஏனென்று கேள் என்று வாயைத் தைத்துக்கொண்டேன்.

அன்று மாலை பேசவில்லை. மறுநாள் முழுக்கப் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போனேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார், இழைத்தார், பீடி பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: காது கேட்காதவரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அடுப்படியில் தனியாக நின்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் அவர் நிற்கிறார். என் முகத்துக்கு நேரே குனிந்து, "இன்னாமே, ரெண்டு நாளா வாயே அசையல? ஒடம்பு சரியில்லியா?" என்றார். நைனா, அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் குரல் அவருக்குக் கேட்காமல் போன பிறகு, நாள் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதனால்தான் அந்தக் கோழியின் அலகு அவ்வளவு சரியாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் கோயி. சரி. அப்போ நீ இன்னா?" என்று கையால் கேட்டேன். யோசித்தார். "நீயே சொல்லு" என்றார். இரண்டு கையையும் காதருகே வைத்து முறம் மாதிரி விரித்துக் காட்டினேன். யானை. இவ்வளவு பெரிய காது, ஆனால் கேட்காது. காட்டிய பிறகுதான் கை கூசியது. அவருக்குக் காது கேட்காது என்பதை நம் வீட்டில் அதுவரை யாரும் முகத்துக்கு நேரே காட்டியதில்லை. அவர் சிரிக்கவில்லை. திரும்பி முன் ரூமுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், பலகைமேல் சாக்பீஸில் யானை வரைந்துகொண்டிருக்கிறார். காது மட்டும் பலகைக்கு வெளியே போகிற அளவு பெரிசு. "இந்த சைஸ் போதுமா?" என்றார்.

அந்த யானையையும் என் கோழியையும் ஒரே பலகையில், ஒரே கைப்பிடியில் வைத்தோம். கோழி கொட்டும், யானை காதை அகல விரிக்கும். கேட்கத்தான் போகிறது என்று பார்த்தால், நிதானமாகத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அவர் அதோடு முடித்துவிட்டார். முடியவில்லை என்றேன் நான். பிறகு கோழி என்ன செய்யும்? விட்டுவிடுமா? யானையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அதன் மூஞ்சிக்கு நேரே நின்று மறுபடி கொட்ட வேண்டும். நான் தினமும் இந்த வீட்டில் அதைத்தானே செய்கிறேன்! பலகையில் வளைவாக ஒரு பள்ளக் காடி வெட்டி, அதில் கோழி நகர்கிற மாதிரி செய்ய அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எத்தனை கோழிக்கால் உடைந்தது என்று கேட்காதே.

முடிந்த அன்று மாலை அவரே சட்டை மாட்டிக்கொண்டு, "அந்தப் பக்கம் புடி" என்றார். எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. கனமான பலகை, இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். தெருவில் எல்லோரும் பார்க்க, நான் முன்னால், அவர் பின்னால், நேரே டீக்கடைக்குத் தூக்கிப்போனோம். அங்கே கன்னியப்பன் மாமா இருந்தார், உன்னை முதன்முதலில் கடலில் இறக்கிவிட்டவர், நினைவிருக்கும். அவரும் மற்றவர்களும் டம்ளரோடு திரும்பிப் பார்க்கிறார்கள். உன் அப்பா பலகையை பெஞ்சில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினார். கோழி கொட்டியது, யானை திரும்பியது, கோழி சுற்றிப் போய்க் கொட்டியது. கடை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் உன் அப்பா கோழியைத் தொட்டு என்னைக் காட்டினார். யானையைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். "எனக்குக் காது கேக்கல மாமு. ரொம்ப நாளா கேக்கல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நானே அன்றுதான் கேட்டேன்.

கன்னியப்பன் மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அடப்பாவி! கூப்ட கூப்டத் திரும்ப மாட்டேன்ற. சரி, பெரிய ஆளாயிட்டான், நம்பகிட்டப் பேச மாட்டான்னு நாங்க வுட்டுட்டோம்டா. இத்தச் சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு உன் அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, அதையே திரும்ப மெதுவாகச் சொன்னார். உன் அப்பா தலையாட்டினார். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. டீ மாஸ்டர் கேட்காமலேயே டீ போட்டு நீட்டினார். அன்றிலிருந்து அவர் டீக்கடைக்குப் போகாத நாள் இல்லை.

இப்போது சொல், இதையெல்லாம் நான் எப்படிப் பரண்மேல் போடுவேன்? ஆனாலும் உன் வார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று, எல்லாவற்றையும் மேசையோடு சேர்த்து ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். நீ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. தூசி என்றேன். இன்று மதியம் வள்ளூரிலிருந்து பவித்ரா வீட்டார் வந்தார்கள். நான் வாய் ஓயாமல் பேசினேன். பவித்ராவின் அப்பா பாவம், மரியாதைக்காக உன் அப்பா பக்கம் திரும்பி, "சம்பந்திக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்றார். உன் அப்பா சிரித்த முகத்தோடு, "இப்பதான் சாப்ட்டேன்" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ சொல்லி மழுப்ப வாயெடுத்தேன். அதற்குள் உன் அப்பா எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டார். எழுந்து போய்ப் போர்வையை உருவினார். "சம்பந்தி, எனக்குக் காது டமாரம். நீங்க இன்னா கேட்டிங்கன்னு தெர்ல. மொதல்ல இத்தச் சுத்துங்க, அப்பால பேசலாம்" என்றார்.

ஆனால் பவித்ராவின் அப்பா கை போனது யானைக்கு இல்லை, எருமைக்கு. அவர் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர் ஆயிற்றே! சுற்றச் சுற்ற, எருமை எழுந்து திரும்பிப் படுத்ததும், துள்ளி எழுந்துவிட்டார். "யோவ், இந்த எருமைய எனக்குத் தெரியும்யா! போன வாரம்கூட என்னிய அரை மணி நேரம் நிக்க வச்சிச்சு!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். உன் மாமியார் ஆட்டின் வாலைத் தூக்கி 'ஆ'னாவை இழுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பவித்ரா கோழியையும் யானையையும் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து, அவசரப்படாமல் கேட்டாள்: "மாமா, எங்க ரெண்டு பேருக்கும் இன்னா மிருகம் செய்வீங்க?" உன் அப்பா அவள் வாயையே பார்த்தார். முழுசும் புரிந்துவிட்டது. "நீங்க இன்னா மிருகம்னு இன்னும் தெரியலியேம்மா. மொதல்ல ஒரு நல்ல சண்ட போட்டுட்டு வாங்க. அப்பால செய்றேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு கொரலு எப்டி மே?" என்று கேட்டார். மெல்லிசாக, தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ப பையன் கொரலு இப்ப எப்டி கீது?" என்றார்.

நைனா, நீ போனில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்வாரே, ஏன் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நீ பேசுகிற நேரம் முழுக்க, போனின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டிருப்பார். நீ பேசினால் அது அதிரும், நிறுத்தினால் நின்றுவிடும். நீ கடைசியில், "சரிமா, அப்பாகிட்டச் சொல்லிடு" என்று சொல்லி வைக்கும்போதும் அந்த விரல் அங்கேதான் இருக்கும். இன்று அவர் கேட்டதற்கு, "உன் கொரலு மாரியே கீதுய்யா. வயசுல நீ பேசுவியே, அப்டி" என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளரை எடுத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடு. பையை வாசலில் போட்டுவிட்டு, என்னிடம் நின்று பேசிக்கொண்டிருக்காதே. நேரே முன் ரூமுக்குப் போ. அவர் எதிரில் உட்கார். கத்த வேண்டாம். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, எதை வேண்டுமானாலும் பேசு. பஸ்ஸில் வந்ததைச் சொல், ஓசூர் குளிரைச் சொல். நான் டீ போட்டுவிட்டுக் கொஞ்சம் தாமதமாகவே வருகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா